விரத காலத்தில் நீரிழிவு அன்பர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய பச்சைக் காய்கறிகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் நம்மில் பலர் மீன், இறைச்சியை ஒதுக்கிவிடுகிறோம். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போர் 48 நாள் வரை சைவ உணவுடன் விரதம் காக்கின்றனர். தீமிதித் திருவிழா, கந்த சஷ்டி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நோன்பு நம் இல்லங்களில் நடைபெற்றுக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளத்தைத் தூய்மைப்படுத்தும் இந்நாட்கள் உடலுக்கும் நலம் சேர்க்க வேண்டும். ஆனால் நீரிழிவு உள்ள அன்பர்கள் பலருக்கு விரத காலத்தில்தான் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு கூடிவிடுகிறது. இது ஏன் நேர்கிறது, பச்சைக் காய்கறிகளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதன் மூலம் இதை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பணி ஓய்வு பெற்ற தாதி. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு, மருந்து, பாதப் பராமரிப்பு ஆகியவை பற்றி எடுத்துச் சொல்வதிலேயே கழிந்தது. இப்போது கோயில் சமையற்கூடத்தில் காய் நறுக்கும் தொண்டூழியர்களில் ஒருத்தியாக இருக்கிறேன். அங்கும் என்னை "மிஸ்ஸி" என்றுதான் அழைக்கிறார்கள். அங்கு நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "மிஸ்ஸி, சர்க்கரை இருக்கிறவங்க பச்சைக் காய்கறி சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப பச்சையா இருக்கிறதெல்லாம் சாப்பிடலாம்தானே?"

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு "ஆம்" என்று ஒரே சொல்லில் பதில் கூற இயலாது.

நம் சமூகத்தின் நிலை

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதிற்குட்பட்டோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. அதாவது நம்மவரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். மலேசியாவில் 2019இல் நடத்தப்பட்ட ஆய்வில், 18 வயதிற்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. அங்கும் இந்தியர்களே முன்னிலையில் இருந்தனர். 2016இல் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்ததைப் பலரும் அறிவர். இங்கு புதிதாக இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்குவோரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே சிறுநீரகச் செயலிழப்புக்குக் காரணம்.

இந்த எண்களை அச்சுறுத்துவதற்காக நான் எழுதவில்லை. அன்னதானப் பந்தியில் அமரும் ஒவ்வொரு வரிசையிலும் நீரிழிவு உள்ள ஒருவராவது இருப்பார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

விரதத்தில் சர்க்கரை கூடுவது ஏன்?

நாம் உண்ணும் உணவில் இரத்தச் சர்க்கரையை மிக விரைவாக உயர்த்துவது மாவுச்சத்து. சோறு, தோசை, இட்லி, ரொட்டி, மீகூன், கிழங்கு, சீனி ஆகிய அனைத்தும் வயிற்றில் செரித்து, முடிவில் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேர்கின்றன. மீன், கோழி, முட்டை ஆகியவற்றில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. விரதம் தொடங்கியதும் இவை தட்டிலிருந்து நீங்குகின்றன. அப்போது தட்டில் ஓர் இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்புவது எது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பல வீடுகளில் அந்த இடத்தை இன்னொரு கரண்டிச் சோறும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், வாழைக்காய் வறுவலும், பட்டாணிக் குருமாவும் பிடித்துக்கொள்கின்றன. சைவ மீகூனும் வடையும் மாலைப் பலகாரமாகிவிடுகின்றன. எல்லாம் சுத்த சைவம்தான். ஆனால் எல்லாம் மாவுச்சத்தும்கூட.

ஒரு பகல் உணவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சோறு 300 கிராம் என்றால் ஏறத்தாழ 84 கிராம் மாவுச்சத்து. உருளைக்கிழங்கு 100 கிராமில் 17. வாழைக்காய் 100 கிராமில் 30க்கு மேல். ஒரு கரண்டி சாம்பாரில் 10 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் ஒரே வேளையில் 140 கிராமைத் தாண்டிவிடுகிறது. பாயசம் இன்னும் கணக்கில் சேரவில்லை. நாள் முழுவதற்கும் சேர்த்தே 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதைத்தான் மருத்துவ உலகில் பொதுவாக "மாவுச்சத்து குறைந்த உணவு" என்கின்றனர். நாம் ஒரே வேளையில் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறோம்.

2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட உணவு அறிக்கை, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைப்பது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் நல்ல பலன் தருவதாகக் கூறியது. எந்த உணவு முறையைப் பின்பற்றினாலும் மாவுச்சத்து குறைந்த காய்கறிகளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. ஆகவே காலியான அந்த இடத்தைப் பச்சைக் காய்கறி நிரப்ப வேண்டும். ஆனால் எந்தப் பச்சை?

பச்சை நிறம் மட்டும் போதாது

இதைப் புரிந்துகொள்ளச் செடி எப்படி வாழ்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பார்த்தால் போதும். இலைதான் செடியின் சமையற்கூடம். சூரிய ஒளியைக் கொண்டு அது சர்க்கரையைத் தயாரிக்கிறது. ஆனால் தயாரித்ததைத் தன்னிடமே பெரிதாகச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. தண்டின் வழியாக வேருக்கும் விதைக்கும் காய்க்கும் அனுப்பிவிடுகிறது. அங்கே அது மாவாகச் சேமிக்கப்படுகிறது. அடுத்த தலைமுறைக்கான சேமிப்புக் கிடங்கு அது.

ஆகவே இலையும் தண்டும் சமையற்கூடமும் அதன் நடைபாதையும் போன்றவை. அங்கு மாவு குறைவு. கிழங்கும் விதையும் கிடங்கு போன்றவை. அங்கு மாவு மிகுதி. நீர் நிறைந்த பிஞ்சுக் காய்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் சந்தையில் எந்தப் பட்டியலும் தேவைப்படாது. காயைக் கையில் எடுத்து, "இது செடியின் எந்தப் பகுதி?" என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

பச்சைப் பட்டாணி பச்சைதான். ஆனால் அது விதை. வாழைக்காயின் தோல் பச்சைதான். ஆனால் உள்ளே இருப்பது பழுப்பதற்காகச் சேர்த்து வைத்த மாவு. பச்சைப் பயறு பெயரிலேயே பச்சையைக் கொண்டிருக்கிறது. ஆனால் அதுவும் விதை. இவை கெட்ட உணவு அல்ல. பட்டாணியிலும் பயற்றிலும் புரதமும் நார்ச்சத்தும் நிறைய உண்டு. ஆனால் இவற்றைச் சோற்றுக்குத் துணையாக அல்ல, சோற்றில் ஒரு பகுதிக்கு மாற்றாகவே கணக்கிட வேண்டும்.

சில காய்கறிகளின் கணக்கு

பச்சையாக எடைபோட்ட 100 கிராமில் உள்ள மொத்த மாவுச்சத்தை, நார்ச்சத்தையும் சேர்த்து, ஏறத்தாழக் கீழே தருகிறேன். விளையும் இடத்தையும் முற்றலையும் பொறுத்து இது சற்றுக் கூடலாம், குறையலாம்.

முதல் வரிசை, தாராளமாக உண்ணத்தக்கவை: பாக் சோய் 2 கிராம், கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரை 3, சுரைக்காய் 3, நீர்ப்பூசணி 3, வெள்ளரிக்காய் 4, பசலைக்கீரை 4, மலாய்க்காரர்கள் பாயம் என்று கூறும் தண்டுக்கீரை 4, பாகற்காய் 4, பீர்க்கங்காய் 4, சவ்சவ் 5, கடுகுக்கீரை 5, முட்டைக்கோஸ் 6.

இரண்டாம் வரிசை, நன்றாக உண்ணலாம், ஆனால் பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டியவை: புரோக்கோலி 7 கிராம், பீன்ஸ் 7, வெண்டைக்காய் 7 முதல் 8, முருங்கைக்கீரை 8, பயற்றங்காய் 8, முருங்கைக்காய் 8 முதல் 9.

மூன்றாம் வரிசை, பச்சையாகத் தோன்றினாலும் அளவு பார்க்க வேண்டியவை: பச்சைப் பட்டாணி 14 கிராம், வேகவைத்த பச்சைப் பயறு 19, வாழைக்காய் 30க்கு மேல்.

ஒப்பிட்டுப் பார்க்க: வெந்த சோறு 28 கிராம், உருளைக்கிழங்கு 17, சேப்பங்கிழங்கு 26, மரவள்ளிக்கிழங்கு 38.

கீரைகளில் இந்த மாவுச்சத்திலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு பெரும்பாலும் நார்ச்சத்தாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 100 கிராம் கங்கோங்கில் உள்ள 3 கிராமில் 2 கிராம் நார்ச்சத்து. நார்ச்சத்து சர்க்கரையாக மாறுவதில்லை. அதைக் கழிக்காமல் கணக்கிட்டாலும், 100 கிராம் சோற்றில் உள்ள மாவுச்சத்தைப் பெற ஏறத்தாழ 900 கிராம் கங்கோங் உண்ண வேண்டியிருக்கும். அதை யாரும் ஒரே வேளையில் உண்ண முடியாது. இதனால்தான் கீரையை அளந்து உண்ண வேண்டியதில்லை என்று நான் சொல்வது வழக்கம்.

சந்தையில் பார்த்து வாங்குவது

தேக்கா சந்தைக்கோ, வீட்டருகே உள்ள ஈரச்சந்தைக்கோ சென்றால் கேமரன் மலையிலிருந்து வரும் கீரைகளும், இந்தியாவிலிருந்து வரும் காய்களும் அருகருகே இருக்கும். எதுவானாலும் பிஞ்சாகவும் புதிதாகவும் பார்த்து எடுப்பது முக்கியம். காய் முற்ற முற்ற உள்ளே விதை பெருக்கும். விதை பெருத்தால் மாவும் கூடும், நாரும் முரடாகும்.

கீரைத் தண்டை வளைத்தால் "படக்"கென்று ஒடிய வேண்டும். வளைந்து தொங்கினால் பழையது. இலையில் ஓரிரு பூச்சித் துளை இருப்பதால் கெடுதல் இல்லை. மஞ்சள் பூத்த இலையும் வழுவழுப்பான தண்டும் வேண்டாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதைக் கடைக்காரர் விரும்பாவிட்டாலும், விரல் நீளத்திற்கு மேற்படாத காயை எடுத்தால் பெரும்பாலும் பிஞ்சாகவே இருக்கும். பயற்றங்காயில் மணிமணியாகப் புடைப்புத் தெரிந்தால் உள்ளே பயறு முற்றிவிட்டது என்று பொருள். சுரைக்காய், பீர்க்கங்காய் ஆகியவற்றின் தோலில் நகம் எளிதாக இறங்க வேண்டும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைத்தும் நம்மவர் அதிகம் வாங்காத ஒரு காய், மலாயில் கச்சாங் போத்தோல் எனப்படும் சிறகவரை. நான்கு பக்கமும் சிறகு போன்ற விளிம்புள்ள இந்தக் காயைப் பிஞ்சாக நறுக்கித் தேங்காய்ப்பூ சேர்த்துப் பொரியல் செய்தால் மிகச் சுவையாக இருக்கும். மாவுச்சத்தும் குறைவு.

இரண்டு இலைகளைப் பற்றி எச்சரிக்கை சொல்ல வேண்டும். சாயூர் மானிஸ் என்ற கீரையைச் சமைத்து உண்பது இங்கு நெடுங்கால வழக்கம். ஆனால் 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதைப் பச்சையாக அரைத்துச் சாறாகத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது; சிலர் உயிரிழந்தனர். ஆகவே இதைப் பச்சையாக அரைத்துக் குடிக்கவே கூடாது. மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகே சமைக்க வேண்டும். கீரை என்றாலே தீங்கற்றது என்று எண்ணி எதையும் பச்சைச் சாறாகப் பருகும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

சமையலில் சேரும் மாவு

நல்ல கீரையைத் தேர்ந்தெடுத்து வந்த பிறகும் வாணலியில் அதன் பயன் குறைந்துவிடலாம். கடைகளில் செய்யும் சம்பால் கங்கோங்கில் சீனி சேர்ப்பது வழக்கம். சில கடைகளில் காய்கறிக் குழம்பு பளபளப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதற்குச் சோளமாவைக் கரைத்து ஊற்றுகின்றனர். வீட்டில் செய்யும் கீரைக் கூட்டில் கீரை ஒரு பங்கும் பருப்பு இரண்டு பங்கும் என்றிருந்தால் அது பருப்புக் கூட்டே தவிரக் கீரைக் கூட்டு ஆகாது. இதை மாற்றிக் கீரை மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று வையுங்கள். கீரை வடையும் வெண்டைக்காய் பஜ்ஜியும் மாவுப் பண்டங்களே. பெயரில் மட்டுமே காய் இருக்கிறது.

தேங்காயைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். தேங்காய்ப்பாலில் மாவுச்சத்து குறைவுதான். ஆனால் கொழுப்பு மிகுதி. எடையைக் குறைக்க வேண்டியவர்களும் இதயநோய் உள்ளவர்களும் பாலை ஊற்றிக் காய்ச்சுவதைவிட, இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டித் தேங்காய்ப்பூ தூவிக்கொள்வது நல்லது. விரதத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் சீரகம், மிளகு, இஞ்சி, பெருங்காயம் ஆகியவற்றைத் தாளித்துச் சுவை கூட்டலாம். சுவை குறைகிறதே என்று உப்பை அள்ளிப் போட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் பலருக்கு இரத்த அழுத்தமும் உண்டு.

சைவ இறைச்சி என்று பொட்டலங்களில் விற்பவை பலவும் கோதுமைப் புரதம், சோயா, மாவு, உப்பு ஆகியவை சேர்ந்தவை. பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள மாவுச்சத்து, உப்பு அளவுகளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். புரதத்திற்குத் தவ்குவா, தெம்பே, பனீர், இனிப்பில்லாத தயிர் ஆகியவை இருக்கின்றன. காய்கறி மட்டும் உண்டால் விரைவில் பசிக்கும். பசித்தால் கை தானாகப் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு வேளையும் பச்சைக் காய்கறியோடு ஏதேனும் ஒரு புரதம் இருக்க வேண்டும்.

இலையில் பரிமாறும் முறை

வாழையிலையில் பரிமாறும்போது மேல் பாதியில் கறிவகைகளும் கீழ்ப் பாதியில் சோறும் வைப்பது நம் மரபு. சோறு வருவதற்கு முன்பே பொரியலும் கூட்டும் இலைக்கு வந்துவிடும். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தட்டும், மலேசியாவின் "சுக்கு சுக்கு செபாரோ" என்ற முறையும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன: தட்டில் பாதி காய்கனிகள், கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. நாம் செய்ய வேண்டியதெல்லாம் இலையின் மேல் பாதிக்கு அதற்குரிய இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

உண்ணும் வரிசையும் முக்கியம். 2015இல் நியூயார்க்கில் 11 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு சிறிய ஆய்வில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, ரொட்டியையும் பழச்சாற்றையும் பிறகு உட்கொண்டபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு குறைவாக இருந்தது. உணவு ஒன்றே, வரிசை மட்டுமே வேறு. ஆகையால் இலையில் பொரியல் விழுந்ததும் சோற்றுக்காகக் காத்திராமல் அதை உண்ணத் தொடங்குங்கள். பந்தி மரியாதைக்குக் குறைவு வராதபடி அண்டை இலைக்கும் வந்த பிறகு தொடங்கலாம்!

முன்னர்ச் சொன்ன பகல் உணவை இப்படி மாற்றிப் பாருங்கள். சோறு 100 கிராம், 28. கங்கோங் 100 கிராம், 3. பயற்றங்காய்ப் பொரியல் 100 கிராம், 8. தவ்குவா 100 கிராம், 3. சாம்பார் 10. மொத்தம் 52 கிராம். வயிறும் நிறைகிறது, விரதமும் கெடவில்லை. 140 எங்கே, 52 எங்கே!

எனக்குத் தெரிந்த டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஆண்டுதோறும் தைப்பூச விரதம் இருப்பவர். விரத நாட்களில் உணவுக்கு இரண்டு மணி நேரத்திற்குப் பிறகு அவருடைய சர்க்கரை 13, 14 என்று இருந்தது. "முருகனுக்காகக் கறி மீனை விட்டேன், அப்புறமும் ஏன் மிஸ்ஸி ஏறுது?" என்று வருந்தினார். அவர் உண்பவற்றை ஒரு வாரம் எழுதச் சொன்னேன். அதில் கீரை ஒரே ஒரு நாள்தான் இருந்தது. கிழங்கும் மீகூனும் ஏழு நாளும் இருந்தன. மருத்துவரிடம் கலந்து பேசிய பிறகு, பகலிலும் இரவிலும் பாதித் தட்டுக் கீரையும் காயும், சோறு ஒரு கரண்டி என்று மாற்றிக்கொண்டார். இரண்டு வாரத்தில் அதே நேரத்துச் சர்க்கரை 9க்கு அருகில் வந்தது. அவர் எதையும் புதிதாக விலை கொடுத்து வாங்கவில்லை. காலியான இடத்தை வேறு ஒன்றால் நிரப்பினார், அவ்வளவே.

யார் மருத்துவரைக் கேட்டு மாற வேண்டும்?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். "மருத்துவரிடம் கலந்து பேசிய பிறகு" என்று மேலே நான் எழுதியது ஒப்புக்காக அல்ல.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிப்பிசைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 140 கிராமுக்குப் போட்ட மருந்து 52 கிராமுக்கு மிகுதியாகிவிடும். விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் மருத்துவரிடமோ சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஏற்பட்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். விரதம் என்று அப்போது தயங்கக்கூடாது. உயிரைக் காப்பதால் எந்த நோன்பும் முறிவதில்லை.

எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் வகை மருந்துகளை உட்கொள்வோர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தாலோ பட்டினி கிடந்தாலோ இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இவர்களும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்வோருக்குக் கீரையில் உள்ள வைட்டமின் 'கே' மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விடவேண்டும் என்பதில்லை. நாளுக்கு நாள் அளவு மாறாமல் ஒரே சீராக உண்ண வேண்டும். விரதத்திற்காகத் திடீரென்று இரட்டிப்பாக்கக் கூடாது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கீரைகளில் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். எந்தக் காய், எவ்வளவு என்பதை உணவியல் ஆலோசகரே சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பசலையிலும் தண்டுக்கீரையிலும் மிகுதியாக உள்ள ஆக்சலேட் ஏற்றதல்ல; முட்டைக்கோஸ், சுரைக்காய், பாக் சோய் போன்றவை மேலானவை.

பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரை வேண்டாம் என்று நம்பி மருந்தை நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாகற்காய் நல்ல காய். ஆனால் அது மருந்துக்கு மாற்று ஆகாது.

அன்னதான உபயகாரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கோயில் சமையற்கூடங்களில் உருளைக்கிழங்கும் மஞ்சள் பூசணியும் ஏன் அதிகம் புழங்குகின்றன என்று சிலர் கேட்பதுண்டு. சமையற்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவை கெடாமல் இருக்கும், விரைவில் நறுக்கலாம், அடுப்பில் நெடுநேரம் இருந்தாலும் தாங்கும். கீரை அப்படியல்ல. 300 பேருக்குத் தலைக்கு 100 கிராம் என்றால் 30 கிலோ கீரை வேண்டும். அதை ஆய்ந்து, மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசி, நறுக்கி, கடைசி நேரத்தில் வதக்க வேண்டும். சீக்கிரமே செய்து வைத்தால் கறுத்துவிடும். இதற்குப் பணத்தைவிடக் கைகளே அதிகம் தேவைப்படுகின்றன.

எனவே அன்னதான உபயம் ஏற்கும் அன்பர்கள் இரண்டு வகையில் உதவலாம். முதலாவது, உபயப் பட்டியலில் கிழங்குக் கறி ஒன்றைக் குறைத்து, கூட்டத்திற்குச் சமைக்கத் தோதான பச்சைக் காய் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்கலாம். முட்டைக்கோஸ், பயற்றங்காய், புடலங்காய், சுரைக்காய், சவ்சவ் ஆகியவை பெரிய அண்டாவிலும் நன்றாக வரும். கீரையைப் போல் விரைவில் நிறம் மாறாது. வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு அடுப்பே தேவையில்லை. இரண்டாவது, உபய நாளின் காலையில் குடும்பத்தோடு வந்து ஒரு மணி நேரம் காய் ஆய்ந்து கொடுக்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கங்கோங் எது, பாயம் எது, முருங்கை எது என்று அறியாமலேயே இங்கு ஒரு தலைமுறை வளர்ந்து வருகிறது. பெயர் தெரியாத கீரையை அவர்கள் நாளை சந்தையில் வாங்கப் போவதில்லை.

பரிமாறுவோருக்கும் ஒரு சொல். ஒருவர் சோறு போதும் என்று கை காட்டினால், "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அன்பை அடுத்த கரண்டிப் பொரியலில் காட்டுங்கள்.

அன்னதானம் செய்வோர் உண்பவரின் பசியைப் போக்குகின்றனர். அவருடைய நோயையும் மனத்தில் வைத்துச் செய்தால் அந்தத் தானம் இன்னும் நிறைவாகும். வரும் விரத காலத்தில் ஒவ்வோர் இலையிலும் சோற்றுக்கு முன் ஒரு கீரையோ ஒரு பிஞ்சுக் காயோ வந்து அமரட்டும். அன்பர்கள் அனைவரும் நோயின்றி நீடு வாழ இறைவனை வேண்டுகிறேன்.